ஆலையிலுள்ள பயிற்சி வயலுக்கும் வேண்டும்

சென்னைக்கு மேற்கேயுள்ள அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களைச் சுற்றிய பூமி ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமியாகும். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, செம்பரம்பாக்கம் ஏரி என்று இன்றும் வழங்கும் பெயர்களே இதற்குப் போதிய சாட்சியாம். ஆவடியில் 1961-ம் வருஷம் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டு, 1965 முதல் அங்கே விஜயந்தா டாங்கிகள் செய்யப்பட்டு வந்தன. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-ல் தோன்றியது. அது முதற்கொண்டு இப்பகுதிக் குடியானவர் குடும்பங்கள் பலவற்றில் தகப்பனார் நிலத்தையும், குமாரர் ஆலை வேலையையும் பார்த்து வருவது சகஜமாகிவிட்டது.

இவ்விதக் குடும்பங்களில் காணும் ஒரு முரண்பாடு மிராசுதாரர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் ஆழ்ந்து கவனிக்கத் தக்கது. ஆலையில் கையுறையும், கண்ணாடியும், கெட்டியான ஜோடும் அணிந்தாலன்றி யந்திரத்தின் அருகே விடப்படாத அதே வாலிபன், விடுமுறை நாளில் சொந்த வயலில் வெறுங்காலுடன், முகத்தை மூடாமல், பூச்சிமருந்து தெளிக்கிறான். ஆலைக்குள் அவனுக்கு ஆபத்தைப் பற்றிச் சொல்லிக் கொடுக்க ஒருவர் சட்டத்தினால் கடமைப்பட்டிருக்கிறார். வயலிலோ அக்கடமையை ஏற்றவர் எவருமில்லை. வயலிலும் அக்கடமை வேலை கொடுப்பவரையே சார்ந்ததென்பதும், சட்டம் வந்து கட்டாயப்படுத்தும் வரையில் காத்திராமல் நிலச்சுவான்தார்கள் தாங்களாகவே அதை ஏற்கவேண்டுமென்பதும் தக்க நியாயமுள்ள அபிப்பிராயமாகும்.

ஆலைகளில் இக்கடமை எளிதாக ஏற்படவில்லை. இந்தியாவில் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-லும், விரிவான சட்டம் 1948-லும் இயற்றப்பட்டன. ஆயினும் பயிற்சி பெறுவது தொழிலாளியின் உரிமை என்று சட்டத்தில் எழுதப்படுவதற்குப் பெரியதொரு விபத்து நேரவேண்டியிருந்தது. 1984-ம் வருஷம் டிசம்பர் மாதம் 2-ந் தேதி இரவு போபால் நகரத்தில் ஓர் ஆலையிலிருந்து மீதைல் ஐசோசயனேட் என்னும் விஷ வாயு வெளிப்பட்டு, உறங்கிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான ஜனங்களை மாய்த்தது. அந்த ஆலையில் செய்யப்பட்டது யுத்தத்துக்கான வெடிமருந்தன்று. பயிர்களுக்குத் தெளிக்கும் கார்பரில் என்னும் பூச்சிமருந்தேயாம். பாதுகாப்புச் சாதனங்கள் பல அங்கே செயலற்றுக் கிடந்தன; வேலையாட்களின் பயிற்சியும் செலவைக் கருதிக் குறைக்கப்பட்டிருந்தது. சுற்றிலும் குடியிருந்தோருக்கு உள்ளே இருக்கும் வாயு எத்தன்மையதென்றோ, அது வெளிப்பட்டால் என்ன செய்வதென்றோ முன்னதாகத் தெரிவிக்கப்படவுமில்லை.

அதன் விளைவாக 1987-ல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான தொழிலை நடத்துபவர் அதிலுள்ள அபாயங்களையும் பரிகாரங்களையும் வேலையாட்களுக்கு மட்டுமன்றி, ஸ்தல ஸ்தாபனத்துக்கும் அக்கம்பக்கத்து ஜனங்களுக்கும் அறிவிக்க வேண்டுமென்று 41-பி பிரிவு விதித்தது. பாதுகாப்பைப் பற்றிய பயிற்சி பெறும் உரிமையைத் தொழிலாளிக்கு 111-ஏ பிரிவு அளித்தது. 1948-ம் வருஷத்துச் சட்டத்தின் ஸ்தானத்தில் இப்பொழுது, 2020-ல் இயற்றப்பட்டு 2025-ம் வருஷம் நவம்பர் மாதம் 21-ந் தேதி அமுலுக்கு வந்த தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், வேலை நிலைமைகள் பற்றிய சட்டத் தொகுப்பு நிற்கிறது. 500 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைகளும், ஆபத்தான தொழிலாயின் 250 பேருக்குக் குறையாத ஆலைகளும் பாதுகாப்பு அதிகாரியை நியமிக்க வேண்டுமென்று அது கூறுகிறது. இத்தகைய அதிகாரிகளைப் பயிற்றுவிப்பதற்குச் சென்னைத் தரமணியில் மத்திய சர்க்காரின் பிராந்தியத் தொழிலாளர் கல்வி நிலையம் ஒன்று இருந்து வருகிறது.

இவ்வளவு ஏற்பாடுகள் இருந்தும் ஆலைகளில் குறையே இல்லையென்று சொல்வதற்கில்லை. பத்துப் பதினைந்து பேரைக் கொண்டு தகடு அழுத்தும் சிறு பட்டறைகளில், உற்பத்தி விரைவாக வேண்டுமென்று அழுத்து யந்திரத்தின் காப்புக் கம்பியைக் கழற்றி வைப்பதும், அதன் பலனாக வேலையாள் விரல்களை இழப்பதும் நேரிடுகின்றன. சில இடங்களில் பயிற்சி என்பது ஒரு கையெழுத்துப் புஸ்தகமாகச் சுருங்கிவிட்டது. தேசியப் பாதுகாப்புச் சபை 1966-ம் வருஷம் மார்ச்சு மாதம் 4-ந் தேதி ஏற்பட்டதை முன்னிட்டு ஆண்டுதோறும் அத்தினத்தைக் கொண்டாடுகிறார்கள். அன்று பிரதிக்ஞை எடுத்துக்கொண்டு, மறுநாள் காப்புக் கம்பியைக் கழற்றுவதால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. ஆகவே குடியானவர்கள் ஆலையினிடம் கற்கவேண்டியவை இரண்டு: பயிற்சி அவசியம் என்பது ஒன்று, காகிதத்தில் மட்டும் நடக்கும் பயிற்சி பயிற்சியாகாது என்பது மற்றொன்று.

இனி வயலிலுள்ள அபாயங்களைக் கவனிப்போர், அவை ஆலையிலுள்ளவற்றுக்குச் சிறிதும் குறைந்தவையல்லவென்று காண்பர். முதலாவது பூச்சிமருந்து. 1958-ல் கேரளத்தில் பாரத்தியான் என்னும் மருந்து உணவுப் பண்டங்களில் கலந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதன் பின்னரே 1968-ம் வருஷத்துப் பூச்சிமருந்துச் சட்டம் பிறந்தது. 1971-ம் வருஷத்து விதிகள் காப்புடை, முதலுதவி, வேலையாட்களுக்குப் பயிற்சி ஆகியவற்றை மருந்து உற்பத்தி செய்வோர், விநியோகஸ்தர் முதலியோரின் கடமையாக்கின. காலியான டப்பாக்களை வெளியில் எறியாமலும், நீரும் நிலமும் கெடாமலும் அப்புறப்படுத்த வேண்டுமென்றும் அவ்விதிகளில் கண்டிருக்கிறது. இவ்வளவிருந்தும் 2017-ல் மகாராஷ்டிர மாகாணத்து யவத்மால் ஜில்லாவில் பருத்திக்கு மருந்து தெளித்தவர்களில் இருபது பேருக்குக் குறையாமல் உயிரிழந்தனர். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தமையால் தெளித்த மருந்து தெளிப்பவர் முகத்திலும் உடலிலுமே படிந்தது. மாண்டவர்கள் சோம்பேறிகளோ அசட்டையுள்ளவர்களோ அல்லர். அவர்களில் பலருக்குச் சொல்லிக் கொடுப்பவர் இல்லாமற்போனதே குறை.

மருந்து டப்பாவின் மீதுள்ள வர்ண அடையாளத்தின் பொருளைத் தெளிப்பவர் அறிந்திருக்கிறாரா என்று ஒவ்வொரு மிராசுதாரரும் கேட்டுப் பார்க்கலாம். சிவப்பு அதி கொடிய விஷத்தையும், மஞ்சள் கொடிய விஷத்தையும், நீலம் நடுத்தர விஷத்தையும், பச்சை சொற்ப விஷத்தையும் குறிக்கும். மருந்து வாய் வழியாக மட்டுமே உட்செல்லும் என்று பலர் நம்பியிருக்கிறார்கள். பாஸ்பரஸ் சேர்ந்த பூச்சிமருந்துகள் தோலின் வழியாகவும் உடலில் ஏறும். அதிக வியர்வை, எச்சில் ஒழுகுதல், கண்ணின் பாவை சுருங்குதல், தசை துடித்தல் ஆகியவை அதன் அறிகுறிகளாம். இவற்றைக் கண்டவுடன் நனைந்த துணியைக் களைந்து, உடலைச் சோப்பிட்டுக் கழுவி, மருந்து டப்பாவுடன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். டப்பாவைக் காட்டினால் வைத்தியர் மாற்று மருந்தைத் தாமதமின்றிக் கொடுக்க ஏதுவாகும்.

இரண்டாவது யந்திரங்கள். டிராக்டரின் பின்புறத்தில் சுழலும் தண்டு சாதாரணமாக நிமிஷத்துக்கு 540 தடவை, அதாவது ஒரு விநாடிக்கு ஒன்பது தடவை சுற்றுகிறது. வேஷ்டியின் நுனியோ, துண்டோ, புடவையின் முந்தானையோ அதில் சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள அவகாசமே இராது. வடநாட்டில் கதிரடிக்கும் யந்திரங்களில் கைகால் இழந்தோர் மிகுதியானதால் 1983-ல் அபாய யந்திரங்கள் பற்றிய சட்டம் இயற்றப்பட்டது. தண்டின் மீதுள்ள மூடியைப் பழுதென்று கழற்றி எறிந்துவிட்டு, ‘ஜாக்கிரதையாக இரு’ என்று வேலையாளுக்குச் சொல்வது போதிப்பதாகாது.

மூன்றாவது கிணறும் குழியும். பழங்கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்த்துப் பிறகு இறங்குவது தொன்றுதொட்ட வழக்கம். விளக்கு அணைந்தால் பிராணவாயு இல்லையென்று தெரியும். ஆனால் கிணற்றுக்குள் வைத்த டீசல் இஞ்சினின் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு விளக்கை அணைக்காமலே ஆளைக் கொல்லும். எரியும் வாயு தேங்கிய குழியிலோ விளக்கே தீ விபத்துக்குக் காரணமாகும். முதலில் இறங்கியவர் மயங்கியதைக் கண்டு, அவரைத் தூக்க இறங்கிய இரண்டாமவரும் மூன்றாமவரும் மாள்வது இத்தகைய விபத்துக்களின் வழக்கமாயிருக்கிறது. பயிற்சி பெற்றாலும் செய்யத்தகாத வேலையும் உண்டு. கழிவுநீர்த் தொட்டிக்குள் காப்புச் சாதனமின்றி ஆளை இறக்குவதை 2013-ம் வருஷத்துச் சட்டம் தடுத்துவிட்டது. கழிவுநீர்க் குழாய்களில் இறப்போர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 2023-ல் தீர்ப்பளித்தது. அத்தொகை போன உயிருக்கு ஈடாகாதென்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இதற்கு நிலச்சுவான்தார்கள் சொல்லும் ஆட்சேபங்கள் தெரிந்தவையே. வேலையாட்கள் போகத்துக்குப் போகம் மாறுகிறார்கள். இன்று சொல்லிக் கொடுத்தவர் நாளை வேறொருவர் வயலுக்குப் போய்விடுவார் என்பது ஒன்று. ஆனால் ஊரிலுள்ளோர் எல்லோரும் சொல்லிக் கொடுத்தால், வேறொருவர் சொல்லிக் கொடுத்த ஆளே தமது வயலுக்கும் வருவாரல்லவா? அவர்கள் தலைமுறையாகச் செய்துவரும் வேலைதானே என்பது மற்றொன்று. ஏரும் மண்வெட்டியும் தலைமுறையாக வந்தவை. பாஸ்பரஸ் விஷமும், சுழலும் தண்டும் அவ்வாறு வந்தவையல்ல. காப்புடையை அணிந்துகொண்டு வெயிலில் நிற்க முடியாதென்பது மூன்றாவது. இது மெய்யே. ஆயினும் அதற்குப் பரிகாரம் உடையை விட்டுவிடுவதன்று. வெயில் ஏறுமுன் காலையில் தெளித்து முடிப்பதேயாம். ஒரு நாள் கூலி வீணாகிறதே என்பது நான்காவது. ஒரே விபத்தில் ஆஸ்பத்திரிச் செலவு, நஷ்ட ஈடு, தடைப்பட்ட அறுவடை ஆகியவற்றைக் கணக்கிடுவோருக்கு அந்த ஒரு நாள் கூலி மிகச் சொற்பமாகவே தோன்றும். வயலில் வேலை செய்வோர் தொகை சொற்பமாதலால் தொழிற் சட்டம் பெரும்பாலான வயல்களை எட்டுவதில்லை. சட்டம் எட்டாத இடத்தில் ஆபத்தும் எட்டாதென்று எண்ணுவது பேதைமையாகும்.

அப்பயிற்சி எவ்வாறிருக்க வேண்டுமெனின்:

1. வேலை தொடங்கும் முன், வேலை நடக்கும் இடத்திலேயே, அந்த யந்திரத்தையும் அந்த மருந்தையும் எதிரில் வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுக்க வேண்டும்.

2. வேலையாளின் தாய்மொழியில் இருக்க வேண்டும். இப்பொழுது வடநாட்டிலிருந்து வந்தோரும் இப்பகுதியில் ஏராளமாக வேலை செய்வதால், அவர்களுக்கு அவர்கள் பாஷையில் சொல்ல ஒருவரைத் தேடிக்கொள்ள வேண்டும்.

3. கேட்டவர் தம் கையால் செய்துகாட்டிய பிறகே பயிற்சி முடிந்ததாகக் கொள்ள வேண்டும். கையெழுத்து அதற்கு அத்தாட்சியாகாது.

4. பயிற்சி நாளுக்கும் கூலி கொடுக்க வேண்டும். மருந்து கலக்கும் பெண்களையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

5. ஆபத்தென்று கண்டால் வேலையை நிறுத்த வேலையாளுக்கு அனுமதியிருக்க வேண்டும், நிறுத்தியவரைக் கடிந்துகொள்ளலாகாது.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கும் இதில் தனிப் பொறுப்புண்டு. ஆண்டுதோறும் மே மாதம் முதல் தேதி, தொழிலாளர் தினத்தன்று, தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. அன்று இவ்விஷயத்தை நிகழ்ச்சிக் குறிப்பில் சேர்த்து, திருவள்ளூர் ஜில்லா திரூரிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தாரையும், வேளாண்மைப் பொறியியல் இலாகாவினரையும் அழைத்து, யந்திரங்களையும் தெளிப்பான்களையும் கொண்டு நேரில் விளக்கச் செய்யலாம். கிராமத்தின் எல்லையில் ஆபத்தான சரக்கை வைத்திருக்கும் ஆலைகளையும் கிடங்குகளையும் பற்றிய விவரங்களைக் கேட்டு வாங்குவதும் அவர்கள் கடமையே. தம்முடைய நிலத்தைக் கிடங்குக்குக் குத்தகைக்கு விடுவோரும், உள்ளே என்ன வைக்கப்படுகிறதென்பதை விசாரித்தறிந்த பின்னரே பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும்.

ஆலையில் பயின்றுவந்த வாலிபர்கள் இப்பகுதிக் கிராமங்கள்தோறும் இருக்கிறார்கள். காப்பு மூடியின் உபயோகம் என்ன, விஷச் சரக்கை எப்படிக் கையாள்வது, மயங்கியவரை எவ்வாறு வெளியே கொண்டுவருவது என்பவற்றை அவர்களில் பலர் அறிவர். இவ்வளவு அருகில் இவ்வளவு அறிவு வேறு ஜில்லாக்களின் குடியானவர்களுக்குக் கிட்டுவது அரிது. அவர்களை ஒரு மாலை உட்காரவைத்துக் கேட்டுக்கொள்வதற்குச் சர்க்கார் உத்தரவு எதுவும் வேண்டியதில்லை. வரும் போகத்துக்கு விதையையும் உரத்தையும் முன்னதாகச் சேகரித்து வைப்பது போலவே, தெளிப்பவருக்கும் யந்திரம் ஓட்டுபவருக்கும் சொல்லிக் கொடுக்க ஒரு நாளையும் முன்னதாகக் குறித்துவைக்கும் மிராசுதாரரே தம் நிலத்தை முறையாக நிர்வகிப்பவராவார்.