இரவற் சப்பாத்து

சப்பாத்து என்னுஞ் சொல் நம்முடையதன்று. போர்த்துக்கேயர் தந்துவிட்டுப் போனது. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியவர்கள் நம் மண்ணிற் கோட்டையை வைத்தார்கள்; நம் வாயிற் சில சொற்களையும் வைத்தார்கள். கள் விற்குமிடத்துக்கு நாம் வழங்கும் தவறணை என்னும் பெயரும் அவர்கள் வழிவந்ததே. தமிழ்நாட்டிலிருந்து வரும் நண்பர்கள் இவ்விரு சொற்களையுங் கேட்டுத் திகைப்பதுண்டு.

இரண்டும் ஒரே கப்பலில் வந்தவையாயினும் தம்முள் உறவு கொண்டாடியவை அல்ல. தவறணைக்குச் சப்பாத்தோடு போவது வழக்கமன்று. வெறுங்காலோடு போவார்கள், பிளாவில் வார்த்துக் குடிப்பார்கள், போன காலோடு திரும்பி வருவார்கள். அங்கே வாயிலுமில்லை, வாயில் காப்போனுமில்லை. காலைப் பார்த்து ஆளை மதிப்பிடும் வழக்கமும் இல்லை.

இப்பொழுது அவ்விரண்டும் சந்தித்துக்கொண்டன. அவை சந்தித்த இடத்தில் யானும் நிற்க நேர்ந்தது.

என்னிடம் தமிழ் கற்ற மாணவர் ஒருவர் பிறநாட்டிலே பொறியியலாளராயிருக்கின்றார். விடுமுறையில் வந்தவர், பழைய ஆசிரியர் நால்வரைக் கொழும்பிலே கடற்கரையை நோக்கிய பெரிய ஓட்டல் ஒன்றுக்கு அழைத்தார். அதன் மேன்மாடத்தில் 'லவுஞ்ச்' என்று ஓர் இடம். மதுவும் உண்டு, பழரசமும் உண்டு, மெல்லிசையும் உண்டு. பண்டிதருக்கு அங்கே என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். மாணவர் அழைத்தார், அதுவே வேலை. மது யான் அருந்துவதில்லை. இளநீர் கிடைக்கும் என்றார்கள், போனேன்.

வேட்டி, வெள்ளைச் சட்டை, சால்வை, காலிலே தோற்செருப்பு. திருமண வீட்டுக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் யான் போகும் கோலம் அதுவே. வாயிலிற் கறுப்புக் கோட்டணிந்த ஓர் இளைஞர் நின்றார். மலைநாட்டுப் பிள்ளை என்பது பேச்சிலே தெரிந்தது. என் முகத்தைப் பார்த்துக் கைகூப்பினார். காலைப் பார்த்துத் தயங்கினார்.

"ஐயா மன்னிச்சுக்கணும். செருப்போட ஆம்பளைங்கள உள்ளே விடக்கூடாதுன்னு சட்டம்" என்றார்.

வேட்டி குற்றமில்லையாம்; செருப்பே குற்றமாம். அதற்கு மாற்றும் அவரிடம் இருந்தது. மேசையின் கீழிருந்து ஒரு சோடி கறுத்தச் சப்பாத்தை எடுத்தார். என்போல் வருவோர்க்கென்றே வைத்திருக்கின்றார்களாம். என் மாணவருக்கு முகஞ் சிவந்துவிட்டது. "ஐயா, இதிலை என்ன இருக்கு? கொஞ்ச நேரம் போட்டிட்டுக் கழற்றுங்கோ" என்று மெதுவாகச் சொன்னார்.

'அஃதெம் மரபுக்கு இழுக்கு' என்று கூறித் திரும்பி வந்தேன் என்று எழுதினால் எனக்குப் பெருமையாயிருக்கும். ஆனால் பொய்யாகும். யான் அந்தச் சப்பாத்தை மாட்டிக்கொண்டேன். அது என் காலிலும் இரண்டு விரற்கடை நீளமாயிருந்தது. கதிரையிற் போயிருக்கும் வரையும் காலை இழுத்து இழுத்து நடந்தேன். வேட்டிக்குக் கீழே அவ்விரு கறுத்தப் படகுகளும் முன்னே சென்றன. யான் பின்னே சென்றேன்.

சிறிது நேரத்தில் வேறோர் இளைஞர் வந்தார். மேலைத்தேயத்தவர். அரைக் களுசான், காலிலே இறப்பர்ச் செருப்பு. வாயிற் காவலர் தலைவணங்கி வழிவிட்டார். அவ்விளைஞரில் யான் குற்றங் காணவில்லை. வெப்ப நாட்டுக்கு ஏற்ற கோலத்தோடு வந்தார், அவ்வளவே. ஆனால் இளநீர் எனக்கு இறங்கவில்லை.

நிற்க. இதனை என் ஒருவனுடைய மனத்தாங்கலாக எண்ணலாகாது. இதற்கு ஒரு பரம்பரை உண்டு.

2014ஆம் ஆண்டு யூலை மாதத்திலே, சென்னை உயர்நீதிமன்ற நீதியரசர் அரிபரந்தாமன், தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் மனமகிழ் மன்றத்தில் நிகழ்ந்த ஒரு நூல் வெளியீட்டுக்கு வேட்டியோடு சென்றார். வாயிலிலே தடுக்கப்பட்டார். நீதி வழங்கும் ஆசனத்தில் இருக்கும் ஒருவர் தமிழ் நாட்டின் தலைநகரிலே தமிழருடையோடு நூல் வெளியீட்டுக்குப் போக முடியவில்லை. சட்டசபை கொதித்தது. அவ்வாண்டிலேயே, வேட்டி முதலிய மரபுடையோடு வருவாரைப் பொது இடங்களிலும் மன்றங்களிலும் தடுத்தல் குற்றம் என்று சட்டம் வந்தது. மீறினால் ஓராண்டு வரை சிறை. 25,000 ரூபா வரை தண்டம்.

அதற்கு முன்னர், 1988இல், ஓவியர் உசைன் பம்பாயிலே வில்லிங்டன் மன்றத்திலே தடுக்கப்பட்டார். அவர் செருப்புங்கூட அணியாதவர். 1964இல் இந்திக் கவிஞர் முக்திபோத் இறந்த துயரிலே காலணியைக் களைந்தவர், பின் அணியவில்லை என்பர். ஒரு கவிஞனுக்காக வெறுங்காலோடு நடந்த கால், மன்றத்தின் கம்பளத்துக்கு ஆகாமற் போயிற்று.

இம்மன்றங்களின் விதிகள் ஆங்கிலேயர் வைத்துப் போனவை. அவர்களுடைய சப்பாத்தின் வரலாறு சுவையானது. பர்மிய அரசன் அவையிலே சப்பாத்தைக் கழற்றித் தரையில் இருத்தல் முறை. நெடுங்காலம் அதற்கிணங்கிய ஆங்கிலேயர், 1875ஐ அடுத்து, இனிக் கழற்றோம் என்றார்கள். மண்டலேயிலே இருந்த அவர்தம் பிரதிநிதி அரசனை நேரிற் காணுதல் அதனோடு நின்றது. பிறர் வீட்டிலே தம் சப்பாத்தைக் கழற்றுவது மானக்கேடு; தம் வீட்டிலே பிறர் சப்பாத்து அணியாமை மரியாதைக்கேடு. இருபுறமும் வெட்டும் வாள் என்பது இதுதான். ஆனால் 1931இல் காந்தியடிகள் இலண்டன் அரண்மனைக்கு முழந்துண்டும் போர்வையும் செருப்புமாகச் சென்று ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரைக் கண்டார். அரண்மனை இடிந்து விழவில்லை. அரசன் ஏற்ற செருப்பை, அவன் குடிகள் வைத்துப் போன மன்றங்கள் இன்னும் ஏற்கவில்லை.

நம் நாட்டிலே இவ்வியல்பை முன்னரே கண்டு நொந்தவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. 1905இல் அவர் கண்டியிலிருந்து வெளியிட்ட சிறு நூலின் பெயரைத் தமிழில் 'இரவல் இறகுகள்' எனலாம். நம்மவர் மேலைத்தேய உடையைப் பொருத்தம் பாராது மேற்கொள்வதை அவர் அதிற் கண்டித்தார். அவர் இறகைக் கண்டார். நூற்றாண்டு கழித்து யான் சப்பாத்தைக் கண்டேன். அவர் காலத்தில் இரவலை நாமே விரும்பி வாங்கினோம். இன்று வாயிலில் வைத்துத் தருகின்றார்கள். வேறுபாடு அவ்வளவே.

இனி, மறுப்பைக் கேட்போம். 'உன் வீட்டுக்கு நீ விதி வைக்கின்றாய். அவர் கடைக்கு அவர் விதி வைக்கின்றார். கோயிலுக்குள் நீ செருப்பைக் கழற்றவில்லையா? நல்லூரிலே மேற்சட்டையையுங் கழற்றவில்லையா? அங்கே வாய்திறவாத நீ இங்கே ஏன் முணுமுணுக்கின்றாய்?'

நல்ல கேள்வி. விதி வேண்டாம் என்பது என் கட்சியன்று. விதிகளுள்ளே மூவகை உண்டு. முதலாவது, காவல் விதி. கண்ணாடிக் குவளை உடைந்து சிதறும் இடத்திலும், கொதிநீர் சுமந்து செல்லும் அடுக்களையிலும், இரசாயன கூடத்திலும் கால் மூடியிருத்தல் நன்று. அதனை எவரும் மறார். ஆனால் மதுச்சாலையின் விதி காவல் விதியன்று. அங்கே பெண்கள் விரல் தெரியுஞ் செருப்போடு தடையின்றிச் செல்கின்றார்கள். கண்ணாடித்துண்டு ஆணின் காலை மட்டுந் தேடிக் குத்துவதில்லை.

இரண்டாவது, பணிவு விதி. கோயில் விதி இவ்வகையினது. அங்கே அமைச்சருங் கழற்றுகின்றார், அடியேனுங் கழற்றுகின்றேன். ஒருவரும் வீட்டிலிருந்து விலைகொடுத்து வாங்கி வரவேண்டியது ஒன்றுமில்லை. உள்ளதை நீக்கினாற் போதும். நீக்கியபின் எல்லாருடைய காலும் ஒரே காலாகின்றது.

மூன்றாவது, பிரிவினை விதி. அது உள்ளதை நீக்கச் சொல்லாது; இல்லாததைக் கொண்டுவரச் சொல்லும். கொண்டு வருவாரையும் வாராதாரையும் பிரிக்கும். அதனைச் சிலர்க்கு இறுக்கலாம், சிலர்க்குத் தளர்த்தலாம். அன்று யான் கண்டது இம்மூன்றாவது. அந்த இறப்பர்ச் செருப்பையும் நிறுத்தியிருந்தால் யான் விதிக்குத் தலைவணங்கியிருப்பேன். தேசிய உடையுஞ் செருப்புமாக நம் நாடாளுமன்றத்துக்குள் உறுப்பினர் செல்லுகின்றனர். சட்டம் இயற்றும் இடத்துக்குப் போதுமான மரியாதை, இளநீர் குடிக்கும் இடத்துக்குப் போதாதா?

நம் மரபிலே செருப்புக்கு இரண்டு வாழ்வு. வாசலிலே கிடப்பதும் அது; வைதற்கு எடுப்பதும் அது. ஆனால் பரதன் அரியணையில் வைத்துப் பதினான்கு ஆண்டு அரசு செய்வித்ததும் பாதுகையையே. கண்ணப்பர் இறைவன் திருமேனியிற் செருப்புக் காலை ஊன்றினார். இறைவன் அங்கே காலைப் பார்க்கவில்லை, கருத்தைப் பார்த்தான்.

இந்த இடத்தில் இக்கட்டுரையை முடித்தால் வாசகர் மகிழ்வர், யானும் மகிழ்வேன். கொழும்பு ஓட்டல் குற்றவாளி, பண்டிதர் பாதிக்கப்பட்டவர். ஆனால் அன்றிரவு உறக்கம் வரவில்லை. வந்தவை இரண்டு நினைவுகள்.

ஒன்று ஊர் நினைவு. கால் மூடாமைக்காக என்னை ஒரு வாயில் தடுத்தது. காலை மூடியமைக்காகவே நம் ஊர்களிலே மனிதர் தண்டிக்கப்பட்டதுண்டு. தாழ்த்தப்பட்டவர் என்று நாம் ஒதுக்கியோர், செருப்பணிந்து நம் வீதியால் நடத்தலாகாது. தோளிலே சால்வை கிடத்தலாகாது. பெண்கள் மேலாடை அணிதலாகாது. இவை எழுதப்படாத விதிகள். எழுதப்பட்ட விதிகளினும் கொடியன. திருவிதாங்கூரிலே நாடார் குலப் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்கு 1859ஆம் ஆண்டு வரை போராடவேண்டியிருந்தது. நம் நாட்டிலே, சாதி காரணமாகத் தேநீர்க் கடையிலும் உணவுச் சாலையிலும் கோயிலிலும் ஒருவரைத் தடுத்தல் குற்றம் என்று 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்லவேண்டி வந்தது. சட்டம் வந்தபின்னும், 1968இல், மாவிட்டபுரத்து வாயிலிலே நம்மவரை நம்மவரே மறித்து நின்றோம். பணிவு விதி என்று யான் மேலே புகழ்ந்த கோயிலின் வாயிலே அது. நல்ல விதியும் காப்போன் கையிலே பிரிவினை விதியாகும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? இவற்றைச் செய்த சமூகத்தில் வந்த யான், ஒரு மாலைப்பொழுது இரவற் சப்பாத்து அணிந்தமைக்காக உலகைப் பழித்தல் எங்ஙனம்?

மற்றையது என் சொந்த நினைவு. 2022ஆம் ஆண்டு. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடே வரிசையில் நின்ற காலம். காலைக் கூட்டத்திலே வெள்ளைச் சப்பாத்து வரிசையின் நடுவே ஒரு சோடி செருப்பு. பத்தாம் வகுப்புப் பையன். "ஒழுங்கு தெரியாதோ?" என்று கேட்டு, அவனை வரிசையிலிருந்து விலக்கித் தனியே நிறுத்தினேன். அவன் ஒன்றுஞ் சொல்லவில்லை. பெருவிரல்களை உள்ளே மடக்கிக்கொண்டான். அன்று அதனை யான் கண்டேன், கருதவில்லை. லவுஞ்சின் வாயிலிலே அந்த இளைஞர் என் காலை நோக்கியபோது, என் விரல்களும் அவ்வாறே மடங்கின. அப்பொழுதுதான் அவன் காலின் மொழி எனக்கு விளங்கிற்று.

வாயிற் காவலர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். யான் அப்பையனிடம் கேட்கவில்லை. அவர் இரவற் சப்பாத்தாவது வைத்திருந்தார். என்னிடம் அதுவும் இருக்கவில்லை.

புறநானூற்றுப் புலவர் மோசிகீரனாரை யாவரும் அறிவர். முரசு கட்டிலில் ஏறினார்க்குத் தண்டனை மரணம். அறியாது அதில் ஏறித் துயின்ற புலவரைக் கண்ட சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரலிரும்பொறை, வாளை எடுக்கவில்லை. கவரி எடுத்து வீசினான். அவனும் விதியை அறிந்தவனே. விதி யாருக்காக என்பதையும் அறிந்தவன். இச்செய்யுளை முப்பது ஆண்டுகளாகப் படிப்பித்து வருகின்றேன். படித்தேனா என்பது வேறு கேள்வி.

ஆகவே ஓட்டல் நடத்துவோருக்கு யான் கூறுவது சிறிது. விதி வைப்பீராயின் அழைப்பிதழிலேயே எழுதுங்கள், வாயிலிலே சொல்லாதீர்கள். எல்லார்க்கும் ஒப்ப நடத்துங்கள். வேட்டிக்கும் சாரத்துக்கும் தேசிய உடைக்கும் உரிய காலணி செருப்பே. அதனை முழுமையான உடையாக ஏற்றுக்கொள்ளுங்கள். ஏலாதாயின், இரவற் சப்பாத்தையாவது பல அளவுகளில் வாங்கி வையுங்கள்.

ஆசிரியத் தொழிலில் உள்ளோருக்குக் கூறுவது அதனினும் சிறிது. நாளைக் காலை மாணவர் வரிசையை நோக்கும்போது முகத்திலிருந்து தொடங்குங்கள். செருப்போடு ஒரு பிள்ளை நின்றால், கூட்டம் முடிந்தபின் தனியே அழைத்து, வீட்டு நிலையைக் கேளுங்கள். சப்பாத்து வாங்க வழியில்லையென்றால், அவன் செருப்போடு வருவதற்கு இடங்கொடுங்கள்.

அந்தப் பையன் இப்பொழுது எங்கே படிக்கின்றான் என்று விசாரித்து வருகின்றேன். கண்டாற் சொல்லவேண்டியது ஒன்றுண்டு.