அறிவாளி ஏன் தனித்துப் போனார்?



சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு தந்தை என்னைத் தேடி வந்தார். கையில் மடித்த தாள் ஒன்று. பத்து வயது மகனுக்கு நகரத்தில் ஓரிடத்தில் நுண்ணறிவுச் சோதனை செய்து பெற்று வந்தது. அதில் 88 என்ற எண்ணைச் சுற்றி மையால் வட்டமிட்டிருந்தார்கள். “சராசரி நூறாம், ஹஸ்ரத். என் பிள்ளை நூறைக்கூடத் தொடவில்லை. படிப்பை நிறுத்திக் கடையில் உட்கார வைத்துவிடவா?” என்று கேட்டார். பையன் தூணோரம் நின்றுகொண்டிருந்தான். எங்கள் பேச்சு அவனுக்குக் கேட்டிராது. ஆயினும் தகப்பனார் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெல்லத் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்த எண்ணைப் பற்றி முதலில் கூறிவிடுகிறேன். பலர் அதைப் பரீட்சை மார்க்கு என்றே எண்ணிவிடுகின்றனர். 100 என்பது முழு மதிப்பெண் அன்று, நடுப்புள்ளி. மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அதற்குக் கீழேதான் இருப்பர். 85க்கும் 115க்கும் இடையில் நூற்றுக்குச் சுமார் 68 பேர் அடங்குவர். இந்தப் பிள்ளையும் அவர்களுள் ஒருவனே. 1905இல் பாரிஸ் நகரில் ஆல்ஃபிரட் பினே என்பவர் இத்தகைய சோதனையை அமைத்தபோது, எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டறிவதே அவர் நோக்கமாயிருந்தது. எந்தப் பிள்ளையை நிறுத்திவிடலாம் என்று கணக்கிட அவர் அதைச் செய்யவில்லை.

இனி, அந்தத் தந்தைக்குச் சொன்ன வரலாறு ஒன்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் லூயிஸ் டெர்மன் என்னும் பேராசிரியர் 1921இல் மிகு நுண்ணறிவுடைய சிறுவர்களைத் தேடித் திரட்டத் தொடங்கினார். 1500க்கும் மேற்பட்டோர் தேர்ந்தனர். போதிய எண் வரவில்லை என்று விடப்பட்டவர்களுள் வில்லியம் ஷாக்லி என்ற சிறுவனும் ஒருவன். அந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில் டிரான்சிஸ்டர் கண்டுபிடிப்புக்காக, பார்டீன், பிராட்டெய்ன் ஆகிய இருவருடன் சேர்ந்து 1956இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்!

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் வரலாறு அங்கே நிற்கவில்லை. 1956இல் ஷாக்லி தம் பெயரில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கி, நாட்டின் மிகச் சிறந்த இளைஞர்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்தார். திறமையை இனங்காண்பதில் அவருக்கு நிகர் இல்லை. சேர்த்தவர்களை வைத்துக்கொள்ளத்தான் தெரியவில்லை. எல்லோருடைய சம்பளத்தையும் எழுதிப் பலகையில் ஒட்டினார். அவர்கள் கண்டறிந்த முடிவுகளை நம்பாமல், அவர்கள் கண்ணெதிரிலேயே பழைய நண்பர்களுக்குத் தொலைபேசியில் பேசிச் சரிபார்த்தார். அலுவலகத்தில் ஒரு பெண்மணியின் கையில் கூரிய ஏதோ கீறிவிட்டபோது, அது சதிச் செயல் என்று ஐயுற்று, பொய் கண்டறியும் கருவியால் ஊழியரைச் சோதிக்க முற்பட்டார். உடைந்த குண்டூசிதான் காரணம் என்று பின்னர் தெரிந்தது. 1957இல் எட்டு பேர் ஒன்றாக வெளியேறினர். அவர்களுள் ராபர்ட் நாய்ஸ், கார்டன் மூர் ஆகிய இருவர் 1968இல் தொடங்கியதே இன்டெல் நிறுவனம். ஷாக்லியின் கூடம் தலையெடுக்கவே இல்லை.

இதிலும் வேதனையானது ஒன்றுண்டு. எண்ணால் ஒதுக்கப்பட்ட இதே மனிதர், பிற்காலத்தில் கறுப்பின மக்கள் பிறப்பிலேயே நுண்ணறிவு குன்றியவர்கள் என்று மேடைதோறும் வாதிட்டார். 1989இல் அவர் மறைந்தபோது, பிள்ளைகள் அச்செய்தியைப் பத்திரிகை வாயிலாகவே அறிந்தனர் என்று எழுதுகிறார்கள்.

‘மனவெழுச்சி நுண்ணறிவு’ என்ற பெயரில் பீட்டர் சாலவே, ஜான் மேயர் ஆகிய இரு அறிஞர் 1990இல் எழுதிய கட்டுரை இதைப் பற்றியதே. தன் உள்ளத்தில் எழுவதை அறிதல், பிறர் உள்ளத்தில் எழுவதை அறிதல், இரண்டையும் நெறிப்படுத்துதல் ஆகியவை அதில் அடங்கும். 1995இல் டேனியல் கோல்மன் எழுதிய நூல் அதை உலகெங்கும் பரப்பியது. அத்துடன் சற்று மிகைப்படுத்தியும் விட்டது என்பது என் கருத்து. பொது நுண்ணறிவு எதற்கும் உதவாது என்று எந்த ஆய்வும் நிறுவவில்லை. கணக்கும் மொழியும் சட்டென்று பிடிபடுபவர் பெரும்பாலான பணிகளைச் சற்று நன்றாகவே செய்கிறார்.

ஆயினும் 2006இல் கோத்தே, மைனர்ஸ் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று என் உள்ளத்தைத் தைத்தது. ஒரு பல்கலைக்கழகத்தின் ஊழியர் 175 பேரிடம் இரு அறிவையும் அளந்து, அவர்கள் வேலைத்திறனோடு ஒப்பிட்டனர். பொது நுண்ணறிவு குறைந்தவர்களிடத்தில்தான் மனவெழுச்சி நுண்ணறிவு வேலைத்திறனை மிகுதியாக உயர்த்தியிருந்தது. ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது. 2010இல் வேறு இருவர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மனிதரோடு முகங்கொடுத்துப் பழகும் பணிகளில்தான் இந்த அறிவு பயன் தருகிறது, மற்றவற்றில் அவ்வளவாக இல்லை என்று கண்டனர். ஆக, எல்லாப் பூட்டுக்கும் இது சாவியன்று.

என் உள்ளத்தைத் தைத்தது ஏன் என்றும் கூறவேண்டும். ஆசிரியப் பணிக்கு நான் வந்த புதிதில் ஒரு மாணவன் இருந்தான். மற்றவர்கள் சுப்ஹுக்கு முன்பே ஒரு பக்கத்தை மனனம் செய்துவிடுவார்கள். இவனுக்கு இரண்டு நாள் பிடிக்கும். எல்லோர் முன்னிலையிலும் அவனைக் ‘களிமண்’ என்று அழைத்தேன். புதிதாகச் சேர்ந்த சிறுவர்கள் இரவில் உம்மாவை நினைத்து அழும்போது, அவன்தான் அருகில் போய் அமர்வான். வீட்டில் ஆடு இருக்கிறதா, அதற்கு என்ன பெயர் என்று கேட்பான். சிறிது நேரத்தில் அழுகை நின்றுவிடும். பாடம் பார்க்கும் நேரத்தில் அரட்டையா என்று அதற்கும் திட்டினேன். மூன்றாம் ஆண்டில் ஓதலை விட்டுவிட்டுப் போய்விட்டான். இன்று ஒரு பெரிய ஜவுளிக்கடையில் மேற்பார்வையாளர். கோபத்தோடு வரும் வாடிக்கையாளர்களை அவரிடம்தான் அனுப்புவார்களாம்.

அக்காலத்தில் விரைவாக மனனம் செய்தவர்களும் இன்று நல்ல நிலையில்தான் இருக்கின்றனர். இதைச் சொல்லாமல் விட்டால் கதை அழகாகும், உண்மை குறையும். அவர் பிழைப்பு நன்றாக அமைந்தது என்பதற்காக, ஓத வந்தது நிறைவேறாமல் போனதும் இல்லையென்று ஆகிவிடாது. அதற்கு இரண்டு நாள் பொறுமை போதுமாயிருந்தது. அது என்னிடம் இல்லை.

அந்தத் தந்தை என் சொல்லைக் கேட்டு முடித்தும் தாளை மடித்துச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் மீண்டும் வருவார். இம்முறை பையனைத் தூணோரம் நிறுத்தாமல் பக்கத்தில் உட்கார வைக்கும்படி கேட்டிருக்கிறேன்.