கோலாட்டமும் சப்பாத்து நாடாவும்

நாம் அலட்சியம் செய்யும் சிறு பொருள்களுள் சப்பாத்து நாடாவுக்கு இணையானது பிறிதொன்று இருத்தல் அரிது. அது கைவிட்ட அன்றுதான் அதன் அருமை நமக்குத் தெரியவரும். சென்ற ஆண்டு நறுவிலிக்குளத்தில் இந்த உண்மையை எனக்குப் போதித்தவன் ஒரு சிறுவன். ஓட்டப் போட்டிக்கு அழைப்பு விடுத்தாயிற்று. அவனோ மைதானத்தின் ஓரத்திலே குந்தியிருந்து, நுனிக் குழல் கழன்று பஞ்சாய்ப் பிரிந்துபோன நாடாவை எச்சிலால் நனைத்தும் விரலால் முறுக்கியும் சப்பாத்தின் துளையில் நுழைக்க முயன்றுகொண்டிருந்தான். அவன் நுழைத்து முடிக்குமுன் ஓட்டம் முடிந்துவிட்டது.

மறுநாள் வகுப்பிலே அவன் எழுந்து, "சேர், இந்த நாடாவை எப்படிச் செய்கிறார்கள்? நாங்கள் செய்ய ஏலாதா?" என்று கேட்டான். தெரியாது என்று சொல்ல ஆசிரியனின் நாக்குக் கூசும். எனினும் அன்று தெரியாது என்றே சொன்னேன். பிறகு தேடிப் படித்தேன். படித்தவற்றுள் சிலவற்றை இன்று வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

சப்பாத்து நாடா நெய்யப்படுவதன்று, பின்னப்படுவது. நெசவிலே பாவு நீளவாக்கிலும் ஊடை குறுக்காகவும் செல்லும். பின்னலிலோ எல்லா இழைகளும் சாய்ந்தே சென்று ஒன்றையொன்று தாண்டும். கூந்தலை மூன்று காலாகப் பிரித்துப் பின்னும் நம் வீட்டுப் பெண்கள் தட்டைப் பின்னலின் இலக்கணத்தை நன்கு அறிவர். ஓரத்துக் கால் நடுவுக்கு வரும். நடுவிலிருந்தது ஓரத்துக்குப் போகும். உருளை நாடாவுக்கு மட்டும் வேறொரு வழி வேண்டும். அவ்வழியையும் நாம் அறிவோம். அதுவே பின்னற் கோலாட்டம்.

நடுவிலே ஒரு கம்பம். அதன் உச்சியிலிருந்து தொங்கும் வண்ண நாடாக்கள். எட்டுச் சிறுமியர் ஆளுக்கொன்றைப் பிடித்து நிற்கின்றனர். நால்வர் வலமாகவும் நால்வர் இடமாகவும் சுற்றுகின்றனர். எதிர்ப்பட்டவளை ஒருமுறை உட்புறமாகவும் அடுத்தவளை வெளிப்புறமாகவும் கடக்கின்றனர். ஆட்டம் நடக்க நடக்கக் கம்பத்தின்மேல் அழகிய பின்னல் இறங்கி வருகின்றது. சிறுமியருக்குப் பதிலாக நூற்கட்டைகளை நிறுத்துங்கள், கம்பத்துக்குப் பதிலாக, பின்னியதை மேலே இழுத்துச் செல்லும் உருளையொன்றை வையுங்கள், பின்னற்பொறி ஆயத்தமாகிவிட்டது! ஐரோப்பாவிலும் கம்பத்தைச் சுற்றி நாடா பின்னும் ஆட்டம் உண்டு. ஆங்கிலேயர் இப்பொறிக்கு அவ்வாட்டக் கம்பத்தின் பெயரையே இட்டு வழங்குகின்றனர். மான்செஸ்டர் நகரத்துத் தோமஸ் வால்போர்டு என்பவர் 1748ஆம் ஆண்டிலேயே பின்னற்பொறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் ஜெர்மனியில் வுப்பர் ஆற்றங்கரையிலுள்ள பார்மென் நகரம் இத்தொழிலுக்குப் பேர்போன இடமாயிற்று. 1820இல் பிரெடெரிக் ஏங்கெல்ஸ் பிறந்ததும் அவ்வூரிலேதான். அவர் குடும்பமும் நூல் தொழிலில் ஈடுபட்டிருந்ததே. இன்று அந்நகரம் வுப்பர்டால் என்னும் பெருநகரின் ஒரு பகுதி.

இவ்வளவையும் கரும்பலகையில் வரைந்து காட்டியபோது மாணவர்கள் சும்மா இருப்பார்களா? பலகையொன்றிலே ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இரண்டு வளைந்த பள்ளங்களைக் குடைந்தனர். நான்கு நூற்கட்டைகளை அவற்றில் நிறுத்தினர். பொறிக்குப் பதிலாக நான்கு பையன்களின் கைகள் அவற்றைத் தள்ளின. நாடா வரவில்லை, சிக்கல்தான் வந்தது. பள்ளங்கள் சந்திக்கும் இடத்திலெல்லாம் கட்டைகள் ஒன்றோடொன்று மோதின. பள்ளத்தின் ஆழமே குற்றம் என்றேன் நான். ஆழப்படுத்தினோம். மறுபடியும் மோதின.

குற்றத்தைக் கண்டவள் அச்சிறுவனின் தமக்கை. அவள் தொழில்நுட்பம் படிப்பவள் அல்லள். தம்பியை அழைத்துப்போக வந்து வாசலில் நின்றவள். "சேர், எல்லாரையும் ஒரே நேரத்தில் நடுவுக்கு வர விட்டால் இடிபடத்தானே செய்யும்? கோலாட்டத்தில் ஒருத்தி உள்ளே வரும்போது மற்றவள் வெளியே நிற்பாள். நிற்கிற இடத்தை முதலில் எண்ணி வைக்க வேணும்" என்றாள். கட்டைகளின் தொடக்க இடத்தை அவளே மாற்றி வைத்தாள். தாளத்துக்குக் கை தட்டினாள். அரை மணி நேரத்தில் ஒரு சாண் நாடா பின்னப்பட்டது. பெரிய பொறிகளிலும் இதுவே சூட்சுமம். விளிம்பிலே வெட்டுவாய் கொண்ட சில்லுகள் அடுத்தடுத்து எதிரெதிராகச் சுழன்று, நூற்கட்டையைத் தாங்கும் காலை ஒன்றிடமிருந்து மற்றொன்று வாங்கிக்கொள்கின்றன. எந்தக் கால் எப்போது எங்கே நிற்கும் என்பதைச் சில்லுகளின் அமைப்பே தீர்மானித்துவிடுவதால் அங்கே மோதலுக்கு இடமில்லை.

இனி, ஆட்டுவித்தால் ஆடுவது வேறு. தானாக இயங்குவது வேறு. கட்டை உள்ளே வரும்போது நூல் தொய்யும், வெளியே போகும்போது இழுபடும். அதைச் சமன் செய்ய ஒவ்வொரு கட்டையிலும் சிறு வில்லோ எடையோ வேண்டும். பின்னலை இழுக்கும் உருளை விரைந்தால் நாடா தளரும்; தாமதித்தால் இறுகும். ஆகவே இரண்டின் வேகமும் ஒரு விகிதத்தில் நிற்க வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, இழையொன்று அறுந்தால் பொறி தானே நின்றுவிட வேண்டும். இழுவை போனதும் நெம்புகோல் ஒன்று விழுந்து இயக்கத்தைத் துண்டிக்கும். ஜப்பானியரான சகிச்சி டொயோடா 1924இல் நிறைவாக்கிய தானியங்கித் தறியின் புகழுக்கும், நூல் அறுந்ததும் நின்றுவிடும் அதன் குணம் ஒரு காரணம். ஓடத் தெரிந்த பொறி எங்கும் உண்டு. தன் பிழையை அறிந்து நிற்கத் தெரிந்த பொறியே உயர்ந்தது. மனிதருக்கும் இது பொருந்தும் அன்றோ?

எஞ்சியிருப்பது, அச்சிறுவனை ஓட்டத்திலிருந்து நிறுத்திய நுனி. மெல்லிய அசிற்றேற்று ஏட்டை நாடாவின்மீது சுற்றி, அசிற்றோனால் இளக்கியும் சூட்டால் அழுத்தியும் இறுக்குகின்றனர். பிறகு அக்குழலின் நட்டநடுவே வெட்டுகின்றனர். ஒரே வெட்டிலே ஒரு நாடாவின் முடிவும் அடுத்த நாடாவின் தொடக்கமும் கிடைத்துவிடுகின்றன. என்ன சிக்கனம்!

முற்காலத்தில் இந்த நுனியை ஈயம் பூசிய இரும்புத் தகட்டால் செய்தனர். கணினியின் முன்னோடி என நாம் போற்றும் சார்ள்ஸ் பபேஜ், தொழிற்சாலைகளின் பொருளாதாரம் குறித்து 1832இல் வெளியிட்ட நூலிலே இதனையும் விட்டுவைக்கவில்லை. தகட்டை வெட்டும் கத்தரிக்கோலின் பக்கத்தில் இரண்டு எஃகுத் துண்டுகளைப் பொருத்தினார்களாம். வெட்டும் அதே அசைவில் தகடு அரைக்குழலாக வளைந்துவிடும். அதனால் உற்பத்தி மும்மடங்குக்கு மேலாயிற்று என்று அவர் எழுதுகின்றார். அவ்வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும் என்றும் குறிப்பிடுகின்றார். உற்பத்தி மும்மடங்காயிற்று, அவர்களுடைய கூலியும் மும்மடங்காயிற்றா?

இந்தக் கேள்வி எனக்குத் தானாகத் தோன்றியதன்று. ஒரு சாண் நாடாவைக் காட்டப் பிள்ளைகளோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். பனையோலைப் பெட்டி இழைத்து அக்குடும்பத்தை வளர்த்த அம்மம்மா அதை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் வந்திருக்கு வாத்தியார். பிளாஸ்டிக் கூடை வந்த பிறகு என்ர பெட்டியை ஆர் வாங்கினம்? மிஷின் வரட்டும், நான் வேண்டாம் எண்டு சொல்லயில்லை. ஆனா, அது ஆற்ற முத்தத்தில நிக்கும்?" என்றார்.

நான் விடை சொல்லவில்லை. அக்கேள்விக்குப் பொறியியல் நூல்களில் விடை இல்லை. பொறியைப் பிறர் வடிவமைத்து, பிறர் வாங்கி, பிறர் முற்றத்தில் நிறுத்தினால் நமக்கு மிஞ்சுவது வாங்குவோர் என்ற பெயர் மட்டுமே. அதன் சூட்சுமத்தை நம் பிள்ளைகள் அறிந்திருந்தால், அது நம் முற்றத்துக்கு வருவதற்கு ஒரு வாசலாவது திறந்திருக்கும். நம் நாட்டிலே உயர்தர வகுப்பில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் தொடங்கியது. அதன் வாசலிலே, தம்பியை அழைத்துப்போக மட்டும் வந்து நிற்கும் அக்காமார் எத்தனை பேரோ! அவர்களை உள்ளே அழைக்காதது பொறியின் குற்றமன்று, நம்முடையது. என் குற்றத்தை நான் திருத்திக்கொண்டேன். அவள் இப்போது வாசலில் நிற்பதில்லை.

விடைபெறும்போது அம்மம்மா பிரிந்த நுனியைப் பார்த்து, நறுவிலிப் பழத்தின் பசையில் தோய்த்துக் காயவைக்கச் சொன்னார். ஊரின் பெயரிலேயே நிற்கும் மரம் அது. அதன் பட்டை கயிற்றுக்கு நாராகும். பழம் ஒட்டுவதற்குப் பசையாகும். அப்படியே செய்தோம். நுனி விறைத்து நின்றது. மழையில் நனைந்தால் நிலைக்காது. ஆயினும் துளையிலே தடையின்றி நுழைந்தது. ஓர் ஓட்டத்துக்கு அது போதும்.