அடி பெரிதா, ஆள் பெரிதா?

சுப்பர் ஹீரோ படங்களைப் பற்றி நம் வீடுகளில் இரண்டு கருத்துகள்தான் உண்டு. "எல்லாம் ஒரே அடிதடி, இதைப் பார்த்து என்ன பிரயோசனம்?" என்பார்கள் உம்மாவும் வாப்பாவும். "அந்தக் கடைசிச் சண்டை ஒன்றே போதும்" என்பார்கள் தம்பிமார். இரு தரப்பாரும் பேசுவது சண்டையைப் பற்றித்தான். சண்டை பிடிக்கிற ஆளைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. இவ்வகைப் படங்களில் நல்லது எது, வெறும் சத்தம் எது என்று பிரித்தறிய அந்த ஆளைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது எனது கருத்து.

இதற்குத் தமிழிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. ஷங்கர் இயக்கிய 'எந்திரன்' 2010ஆம் ஆண்டு வெளிவந்தது. சிட்டி என்ற ரோபோ ரயிலில் சண்டை பிடித்ததும், கடைசியில் இராட்சத உருவம் எடுத்ததும் பலருக்கு நினைவிருக்கும். என் மனதில் நிற்பது தீப்பற்றிய கட்டடக் காட்சி. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைச் சிட்டி நெருப்பிலிருந்து தூக்கி, அப்படியே தெருக்கூட்டத்தின் நடுவே கொண்டுவந்து விடுகிறது. உயிர் தப்பிய அவள் வெட்கம் தாளாமல் ஓடி, வாகனத்தில் மோதுண்டு இறந்துபோகிறாள். நெருப்புக்குள் புகுந்து வரும் பலம் சிட்டிக்கு இருந்தது. மானம் என்றால் என்னவென்று அதற்குத் தெரியவில்லை. அதன் பிறகுதான் விஞ்ஞானி வசீகரன் அதற்கு உணர்ச்சிகளைக் கற்பிக்கத் தொடங்குகிறார். கதையில் பின்னால் வரும் எல்லா வினைகளும் அங்கிருந்தே முளைக்கின்றன. ஆகவேதான் முடிவில் சிட்டி தன்னைத் தானே கழற்றிக்கொள்ளும்போது, ஓர் இயந்திரத்துக்காக நாம் கண் கலங்குகிறோம்.

அதன் தொடர்ச்சியான '2.0' 2018இல் வந்தது. அந்நாளில் இந்தியாவில் மிகப் பெரும் செலவில் எடுக்கப்பட்ட படங்களில் அதுவும் ஒன்று. ஆயிரக்கணக்கான கைத்தொலைபேசிகள் பறந்து சேர்ந்து ஒரு பிரமாண்டமான பறவையாகின்றன. பார்க்க வியப்புத்தான். ஆனால் அந்தப் படத்தின் உயிர், பறவைகளுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கித் தோற்றுப்போன பக்ஷிராஜன் என்ற முதியவரிடம் இருக்கிறது. அவருடைய கதை நடுவில் சிறிது நேரம் வந்து போய்விடுகிறது. பிறகு விளையாட்டரங்கில் நீண்ட சண்டை. களப்போரத்தில் வாழும் நமக்குப் பறவைகளின் அருமை தெரியும். அந்த முதியவரோடு இன்னும் கொஞ்ச நேரம் இருக்க விட்டிருக்கலாம் என்றே எனக்குத் தோன்றியது.

பெரும் பணம் இல்லாமலும் இதைச் செய்யலாம் என்று காட்டியது பசில் ஜோசப் இயக்கிய மலையாளப் படமான 'மின்னல் முரளி' (2021). ஒரே இரவில் ஒரே மின்னல் ஒரு சிறிய ஊரின் இருவரைத் தாக்குகிறது. ஒருவன் தையற்காரன் ஜெய்சன். மற்றவன் தேநீர்க்கடையில் வேலை செய்யும் ஷிபு. தமிழ் நடிகர் குரு சோமசுந்தரம் ஷிபுவாக வாழ்ந்திருப்பார். ஊரே பைத்தியம் என்று ஒதுக்கிய அவன், பள்ளிக் காலத்திலிருந்து மனதில் வைத்திருந்த உஷாவைத் தீயில் இழந்த பிறகுதான் ஊரை எரிக்கத் துணிகிறான். அவன் செய்தது பெரும் பாவம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் கடைசிச் சண்டையில் அவன் விழும்போது கைதட்ட மனம் வரவில்லை. இருவருக்கும் கிடைத்தது ஒரே சக்திதான். அதைப் பிடித்திருந்த கைகள்தான் வேறு.

அப்படியானால் சண்டையே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தில் 'படைப்போர்' என்று ஒரு வகையே இருக்கிறது. நம் முன்னோரும் போர்க்கதைகளை விரும்பிக் கேட்டவர்கள்தான். அதே இலக்கியத்தில் மனிதரின் கதையைச் சொல்லும் 'கிஸ்ஸா'வும் இருக்கிறது. இரண்டும் ஒரே படத்தில் சேர வேண்டும் என்பதே என் ஆசை. யார், எதை இழந்து போராடுகிறார் என்று தெரிந்தால்தான் ஓர் அடிக்குக் கனம் வரும்.

ஹொலிவூட்டிலிருந்தும் ஒன்று சொல்கிறேன், அது நம்மைப் பற்றியதாகவும் இருப்பதால். 2022இல் வந்த 'மிஸ் மார்வெல்' தொடரின் நாயகி கமலா கான், அமெரிக்காவில் வாழும் பாகிஸ்தானிய முஸ்லிம் மாணவி. அந்தத் தொடரின் உச்சம் ஒரு சண்டையல்ல. 1947 பிரிவினையின்போது கராச்சிக்குப் புறப்படும் கடைசி ரயில், அதில் ஏற முண்டியடிக்கும் சனம், அந்த நெரிசலில் தொலைந்துபோன ஒரு சின்னக் குழந்தை. கமலா தன் சக்தியால் அந்தக் குழந்தையைத் தகப்பனிடம் சேர்க்கிறாள். அந்தக் குழந்தைதான் அவளுடைய உம்மம்மா. அடுத்த ஆண்டு அதே கமலா 'த மார்வெல்ஸ்' படத்தில் இன்னும் இரு வீராங்கனைகளோடு விண்வெளியில் பறந்தாள். நன்றாகத்தான் பறந்தாள். எனக்கு நினைவில் நிற்பது அந்த ரயில் நிலையம்தான்.

புத்தளத்தில் வளர்ந்த ஒருவருக்கு அது ஏன் நெஞ்சைத் தொடுகிறது என்று சொல்லத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னாரிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டியில் கரையிறங்கினார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். ஆனால் இந்தக் கதையையும் நாம் சண்டைப் படம் போலவே சொல்லிப் பழகிவிட்டோம். திகதியும் தொகையும் மேடையில் வருகின்றன. காதுத் தோட்டையும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளோடு நடந்து வந்த ஒரு தாய் அதில் வருவதில்லை. அவள் வழியில் எதற்காக அழுதாள், எதற்காக அழாமல் இருந்தாள் என்று நாம் கேட்டு வைக்கவில்லை. அதைச் சொல்லக்கூடியவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டு வருகிறது.

பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள் இது: பிள்ளைகள் இப்படிப் படம் பார்த்தால், நிறுத்தச் சொல்வதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேளுங்கள். "இவன் ஏன் அடிக்கிறான்? அடித்த பிறகு இவனுக்கு என்ன மிஞ்சியது?" பிள்ளைக்குப் பதில் தெரிந்தால் அது பார்க்கத் தகுந்த படம். பதில் இல்லாவிட்டால், அந்தப் படம் வெறும் சத்தம் என்று பிள்ளையே கண்டுகொள்ளும்.

என் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. நாளை நம்மில் ஒருத்தி கற்பிட்டிக் கரையில் பிறந்த ஒரு வீராங்கனையின் கதையை எழுதக்கூடும். அவளுக்குப் பறக்கும் சக்தி கொடுப்பது இலகு. அதற்கு முன் உம்மம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அன்று என்ன நடந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.