மருந்துணவுப் பையை எடுத்துக் கொடுப்பதற்கு முன்

பினாங்கின் இரண்டாம் பாலம் 2014 மார்ச்சில் திறக்கப்பட்ட பிறகு பத்து காவானின் முகம் மாறிவிட்டது. செம்பனை நின்ற மண்ணில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. தோட்டத்து லயத்தில் எலியும் பல்லியும் மீன்தலையும் தின்று திரிந்த பூனையின் வாரிசு, இப்போது பத்தாவது மாடியில் கதவைத் தாண்டாமல் வாழ்கிறது. கருத்தடை ஆகியிருக்கிறது, உடல் பருத்திருக்கிறது, மூன்று வேளையும் பிஸ்கட்தான். சிறுநீர்த் தாரைக் கோளாறுக்கு ஏதுவானவை என்று கால்நடை மருத்துவர்களான நாம் படித்ததெல்லாம் அந்த ஒரு வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன.

அந்தப் பூனை முக்கி முக்கி இரத்தம் கலந்த சிறுநீரைச் சொட்டுச் சொட்டாக விடும்போது நம்மிடம் தூக்கிவருகிறார்கள். பல கிளினிக்குகளில் கிடைப்பது ஓர் ஆன்டிபயாட்டிக் ஊசி, ஒரு பை ‘யூரினரி’ உணவு. இந்தப் பழக்கத்தை நாம் விட வேண்டும் என்பதே இந்த உரையின் நோக்கம்.

பத்து வயதுக்குட்பட்ட பூனைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு இருப்பது காரணம் பிடிபடாத சிறுநீர்ப்பை அழற்சி. அந்த வயதில் பாக்டீரியாத் தொற்று அரிது. அழற்சியும் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானே தணிந்துவிடும். நாம் போட்ட ஊசிக்கும் கொடுத்த பைக்கும் நற்பெயர் வந்து சேர்வது அதனால்தான். சில மாதம் கழித்து அதே பூனை திரும்பி வருகிறது.

கல்லின் கதை இன்னும் பெரிய எச்சரிக்கை. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகக் கல் ஆய்வு மையத்துக்கு 1981-இல் வந்த பூனைக் கற்களில் முக்கால் பங்குக்கு மேல் ஸ்ட்ரூவைட். கால்சியம் ஆக்சலேட் 2 விழுக்காடு மட்டுமே. மெக்னீசியத்தைக் குறைத்துச் சிறுநீரை அமிலமாக்கும் உணவுகள் சந்தைக்கு வந்தன. ஸ்ட்ரூவைட் இறங்கியது, ஆக்சலேட் ஏறியது. 2002 வாக்கில் ஆக்சலேட் பாதியைத் தாண்டிவிட்டது. உணவு மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் கல் இன்னதென்று யோசிக்காமல் அமில உணவை எழுதும் கை சற்றுத் தயங்க இந்த வரலாறு போதும்.

ஸ்ட்ரூவைட் என்றால் உணவே மருந்து. கத்தி எடுக்க வேண்டியதில்லை. 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 37 பூனைகளில் 32-க்குக் கல் உணவாலேயே கரைந்தது. ஓர் உணவுக்குச் சராசரி 13 நாள், மற்றொன்றுக்கு 27 நாள். சில வாரங்களில் எக்ஸ்ரேயில் கல் சிறுக்கவில்லை என்றால் நம் கணிப்புதான் தவறு. ஆக்சலேட் எந்த உணவுக்கும் கரையாது. படிகத்தைப் பார்த்ததும் கல் என்று முடிவு கட்டுவதும் வேண்டாம். குளிர்பெட்டியில் வைத்த சிறுநீரில் படிகம் புதிதாகவே உண்டாகும். எடுத்த சூட்டோடு பாருங்கள்.

எந்தக் கல்லானாலும், கல்லே இல்லாத அழற்சியானாலும், பலன் தருவது நீர்த்த சிறுநீர். பூனையின் மூதாதை பாலைவனத்து விலங்கு. தாகம் குறைவு, சிறுநீரை இறுக்கி நீரைச் சேமிக்கும் சிறுநீரகம். பிஸ்கட்டில் ஈரம் பத்து விழுக்காடுகூட இருக்காது, டின் உணவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அழற்சிப் பூனைகளை ஓராண்டு கவனித்த ஆய்வொன்றில், டின் உணவு தின்றவற்றில் 11 விழுக்காட்டுக்கும் உலர் உணவு தின்றவற்றில் 39 விழுக்காட்டுக்கும் நோய் திரும்பியது.

தொழிற்சாலைச் சம்பளத்தில் டின் வாங்கக் கட்டுப்படியாகாது என்பார்கள். நியாயம்தான். பிஸ்கட்டில் தண்ணீர் ஊற்றி ஊறவைக்கச் சொல்லுங்கள். கெம்போங் மீனை உப்பு, மஞ்சள், வெங்காயம் எதுவும் சேர்க்காமல் வேகவைத்து அந்தத் தண்ணீரை ஊற்றலாம். மீனையே முழு உணவாக்கிவிடக் கூடாது. சிறுநீரின் ஒப்படர்த்தி 1.030-க்குக் கீழ் வருகிறதா என்று மறுவருகையில் அளந்து பாருங்கள். அளக்காமல் கொடுத்த அறிவுரைக்கு மதிப்பில்லை.

வீட்டில் வேறு யார் ஊட்டுகிறார்கள் என்ற கேள்வியையும் விடாதீர்கள். அம்மா அளந்து மருந்துணவு வைக்க, பாட்டி பாசத்தோடு நெத்திலிக் கருவாடு போட்டுக்கொண்டிருப்பார். நம் வீடுகளில் புரட்டாசி பிறந்தால் மீன்சட்டி அடுப்பேறாது, பூனைக்கும் தயிர்சாதம்தான். தாவர உணவு சிறுநீரைக் காரமாக்கும், ஸ்ட்ரூவைட்டுக்கு அது தோது. விரதம் மனிதர்களுக்கு மட்டும் என்று பாட்டியிடமே மரியாதையாக எடுத்துச் சொல்லலாம், சொன்னால் கேட்பார்கள்.

உணவு மாற்றத்தை மருத்துவமனைக் கூண்டில் தொடங்க வேண்டாம். வலியோடும் பயத்தோடும் சேர்த்து அந்த வாசனையையே பூனை வெறுத்துவிடும். வீட்டுக்குப் போனபின் பழையதோடு கலந்து ஏழு முதல் பத்து நாளில் மாற்றட்டும். பருத்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு அடைந்து உயிருக்கே ஆபத்து.

அடைப்பு விழுந்த கடுவனிடம் மட்டும் உணவுப் பேச்சே கூடாது. பொட்டாசியம் ஏறி ஓரிரு நாளில் இதயம் நின்றுவிடலாம். உரிமையாளர் பல வேளை ‘மலச்சிக்கல் போல இருக்கு டாக்டர், ரொம்ப முக்குது’ என்றுதான் போனில் சொல்வார். போனை எடுக்கும் உதவியாளருக்கு இரண்டு கேள்விகளைப் பழக்கிவையுங்கள்: கடுவனா? கடைசியாக எப்போது நன்றாகச் சிறுநீர் போனது? பதில் ‘ஆமாம், தெரியவில்லை’ என்று வந்தால், நாளைக் காலைக்கு நேரம் குறிக்காமல், பாலத்தைக் கடந்தாவது இரவிலேயே திறந்திருக்கும் மருத்துவமனைக்குப் போகச் சொல்ல வேண்டும்.