பெயர்மாற்றிப் பறிக்கும் பகிராவரி!

2019ஆம் ஆண்டு சூலை 5ஆம் நாள் தில்லி நாடாளுமன்றத்தில் ஒரு தமிழ்ப்பாட்டு ஒலித்தது. மதுரையில் பிறந்த பொருளமைச்சர் நிருமலா சீதாராமன், தம் முதல் வரவுசெலவுத் திட்ட உரையின் இடையே, பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் பாடிய புறநானூற்றுப் பாட்டை எடுத்தோதினார். நெல்லை அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால் சிறு நிலத்தின் விளைச்சலும் யானைக்குப் பன்னாள் வரும். யானையையே வயலுள் விட்டுவிட்டாலோ, அது தின்பதினும் மிதித்து அழிப்பதே மிகுதியாகும் என்பது அப்பாட்டின் கருத்து. தமிழுக்குத் தில்லியில் தனிப்பெருமை கிடைத்துவிட்டது என்று இங்கும் சிலர் பூரித்துப் போயினர்.

அதே உரையில் மற்றொன்றும் இருந்தது. ஆண்டு வருவாய் 2 கோடி உருபாவைக் கடந்தோர்க்கு மேல்வரி 25 விழுக்காடாகவும், 5 கோடியைக் கடந்தோர்க்கு 37 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டது. பெருஞ்செல்வரிடம் மிகுதியாக வாங்குவதை நாம் குறை கூறவில்லை. வாங்கிய அப்பணத்தில் தமிழ்நாட்டுக்கு உரிய பங்கு எவ்வளவு என்பதே நம் வினா. ஒரு காசும் இல்லை! பாட்டு நம்முடையது, பணம் மட்டும் தில்லியினுடையது!

இஃது எவ்வாறு நேர்ந்தது? அரசியல் சட்டத்தின் 270ஆம் உறுப்பின்படி நடுவணரசு தண்டும் வரிகளில் மாநிலங்களுக்குப் பங்கு உண்டு. 271ஆம் உறுப்பின்படி விதிக்கும் மேல்வரியிலோ மாநிலங்களுக்குப் பங்கே இல்லை. வருவாய்வரி என்று எழுதினால் பகிர்ந்து கொடுக்க வேண்டும். அதன் தலைமேல் மேல்வரி என்று எழுதினால் முழுவதையும் தானே வைத்துக் கொள்ளலாம். வரி கொடுப்பவன் ஒருவனே. வாங்கும் கையும் ஒன்றே. பெயர் ஒன்று மாறியதும் மாநிலத்தின் உரிமை மறைந்து போகின்றது!

இப் பெயர்மாற்று வித்தை நேற்றுத் தோன்றியதன்று. மூன்று ஆண்டுகளைத் தமிழர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்: 1959, 1985, 2015.

1959 வரை குழுமங்கள் கட்டிய வருவாய்வரியும் மாநிலங்களுக்குப் பகிரப்படும் தொகையில் சேர்ந்திருந்தது. மொரார்சி தேசாய் பொருளமைச்சராயிருந்த அவ்வாண்டில் அதற்குக் 'குழுமவரி' என்று வேறு பெயர் சூட்டினர். பெயர் மாறவே, பங்கும் போயிற்று. போன பங்கு 2000ஆம் ஆண்டின் 80ஆம் சட்டத் திருத்தத்தின் பின்னரே மீண்டு வந்தது. இடையில் நாற்பது ஆண்டுகள் கரைந்தன.

1953ஆம் ஆண்டுச் சட்டத்தால் இறப்புவரி வந்தது. இறந்தவர் விட்டுச் சென்ற பேருடைமையின் மேல் விதிக்கும் வரி அது. வேளாண்நிலம் நீங்கிய ஏனை உடைமைகளின் மேலான அவ்வரியைத் தண்டுவது நடுவணரசின் வேலை. தண்டிய தொகையோ, 269ஆம் உறுப்பின்படி மாநிலங்களுக்கே உரியது. 1985இல் பொருளமைச்சர் விசுவநாத் பிரதாப் சிங் அதனை ஒழித்தார். ஆண்டுக்கு ஏறத்தாழ 20 கோடி உருபாவே கிடைக்கின்றது, தண்டும் செலவோ மிகுதி என்பது அவர் கூறிய கரணியம். வருவாய் மாநிலங்களுடையது, அதனை ஒழித்த கை தில்லியினுடையது! பிறர் வீட்டுப் பசு கறக்கவில்லை என்று அடுத்த வீட்டான் அதனை அவிழ்த்து விரட்டினால் அஃது என்ன முறை?

இனி 2015. அவ்வாண்டு பிப்பிரவரி 28ஆம் நாள் பொருளமைச்சர் அருண் சேட்லி செல்வவரியை ஒழிப்பதாக அறிவித்தார். செல்வவரி 1957இல் தி.த.கிருட்டிணமாச்சாரி கொண்டுவந்தது, இங்கிலாந்துப் பொருளியல் அறிஞர் நிக்கோலசு கால்டர் தந்த கருத்துரையின் வழி வந்தது. நெடுங்காலம் அதன் வருவாய் முழுவதும் தில்லிக்கே சென்றது. 80ஆம் திருத்தத்தின் பின்னரே அதுவும் பகிர்வுக்குள் வந்தது. வந்து பதினைந்து ஆண்டு கடந்ததும் வரியையே ஒழித்துவிட்டனர்! அதற்கு மாற்றாக, 1 கோடிக்கு மேல் வருவாயுடையோர்க்கு 2 விழுக்காடு கூடுதல் மேல்வரி விதித்தனர். செல்வவரியால் 2013-14இல் கிடைத்தது 1,008 கோடி உருபா. புதிய மேல்வரியால் கிடைக்கும் என்று அமைச்சர் கணக்கிட்டது ஏறத்தாழ 9,000 கோடி உருபா.

கேட்பதற்கு எவ்வளவு இனிய கணக்கு! சிறிதை விட்டுப் பெரிதைப் பெற்ற அறிவுடைமை என்று நாளிதழ்கள் எழுதின. நாம் நம் பக்கத்துக் கணக்கைப் பார்ப்போம். அவ்வாண்டு நடைமுறைக்கு வந்த 14ஆம் நிதியாணையத்தின் பரிந்துரைப்படி, பகிர்வுக்குரிய வரிகளில் மாநிலங்களுக்கு 42 விழுக்காடு. அதில் தமிழ்நாட்டுக்கு 4.023 விழுக்காடு. 1,008 கோடி செல்வவரியில் நமக்கு வரவேண்டியது ஏறத்தாழ 17 கோடி. 9,000 கோடியைப் பகிர்வுக்குரிய வரியாகவே விதித்திருந்தால், நம் பங்கு ஏறத்தாழ 152 கோடியாகியிருக்கும். நடந்தது என்ன? 1,008 கோடியைத் துறந்த தில்லி 9,000 கோடியை எதிர்நோக்கியது. தமிழ்நாடு 17 கோடியை இழந்து சுழியத்தைப் பெற்றது!

செல்வவரியால் வருவாய் சிறிது, தொல்லை பெரிது என்று அதை ஒழித்தவர்கள் கூறுவர். ஏன் சிறிதாயிற்று? 1992ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தால் குழுமப் பங்குகளுக்கும் வைப்புத் தொகைகளுக்கும் அவ்வரியிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. நகை, சீருந்து, நகர்ப்புற மனை போன்றவை மட்டுமே அதற்குள் நின்றன. ஆயிரங்கோடி உருபா மதிப்புள்ள பங்குகளை வைத்திருந்தவனுக்கு அப்பங்குகளின் பேரில் செல்வவரி இல்லை. 30 இலக்கத்துக்கு மேல் நகையும் சீருந்தும் வைத்திருந்தவனுக்கு உண்டு! ஏரிக்கரையைத் தாமே உடைத்துவிட்டு, நீர் நிற்கவில்லை என்று ஏரியைத் தூர்த்த கதை இது.

நாடாளுமன்றத்தில் நம்மவர் இல்லையா என்பீர்கள். இருந்தனர். தமிழ்நாட்டின் 39 மக்களவை இடங்களுள் 37 அன்று ஒரே கட்சியின் கையில் இருந்தன. 543 பேர் கொண்ட அவையில் 39 பேரும் ஒருங்கே எழுந்தாலும் அக் கணக்கு மாறாது. மாநிலங்களின் பெயரைத் தாங்கிய மாநிலங்களவைக்கோ, பணச் சட்டவரைவைத் தடுக்கும் உரிமையே இல்லை. பதினான்கு நாளுக்குள் திருப்பி அனுப்பும் வேலைதான் உண்டு. நம் பொருளைப் பற்றிய வழக்கில் நமக்குப் பார்வையாளர் இருக்கை!

2024ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலின்போது, அமெரிக்காவிலுள்ள மரபுரிமை வரியைப் பற்றிக் காங்கிரசுக் கட்சியின் வெளிநாட்டுப் பிரிவுத் தலைவர் சாம் பித்ரோடா ஏதோ கூறப்போக, வடநாடே அமளிப்பட்டது. உங்கள் உடைமையைப் பறிப்பார்கள் என்று தலைமையமைச்சர் மேடைதோறும் முழங்கினார். அஃது எங்கள் கொள்கையன்று என்று காங்கிரசார் ஒதுங்கினர். அவ்வரி வேண்டுமா வேண்டாவா என்பதே அவர்கள் பூசல். அவ்வருவாய் யாருடையது என்று இருவருள் எவரும் கேட்டிலர்!

நடுவணரசின் மொத்த வரி வருவாயில் மேல்வரியும் தீர்வையும் 2011-12இல் ஏறத்தாழ 10 விழுக்காடு. 2020-21இல் ஏறத்தாழ 20 விழுக்காடு. 2023இல் புதிய வரிமுறையைத் தெரிந்துகொள்வோர்க்கு மேல்வரியின் உச்ச அளவை 37இலிருந்து 25ஆகக் குறைத்தனர். ஏற்றியபோதும் நம்மைக் கேட்கவில்லை, இறக்கியபோதும் கேட்கவில்லை.

பகிராமல் வைத்துக்கொண்ட பணம் தில்லியின் கையில் என்ன ஆகின்றது? ஒரு பகுதி, இந்திப் பெயர் பூண்ட திட்டங்களாய், கட்டளைகளைக் கழுத்தில் கட்டிக்கொண்டு நம்மிடம் திரும்பி வருகின்றது. உரிமையாய் வரவேண்டிய பணம் கொடையாய் வரும்போது, கொடுப்பவன் கட்டளையிடுகின்றான். பி.எம்.சிறீ பள்ளித் திட்டத்தில் கையொப்பமிடவில்லை என்பதற்காக, 2024-25இல் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் கல்விக்குரிய ஏறத்தாழ 2,152 கோடி உருபாவை நிறுத்தி வைத்தனர். மும்மொழிக் கொள்கையை உள்ளடக்கிய கல்விக் கொள்கையை ஏற்குமாறு நெருக்கும் கருவியாகப் பணம் பயன்பட்டது. 2025இல் தமிழ்நாட்டரசு உச்சநயன்மன்றத்தில் வழக்குத் தொடுக்க நேர்ந்தது. வரியுரிமையை இழந்தவன் மொழியுரிமையையும் காக்க முடியாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

இங்கே நம் குற்றமும் ஒன்றுண்டு. 'சர்சார்ச்சு' என்றும் 'செசு' என்றும் நம் நாளிதழ்கள் எழுதுகின்றன. படிப்பவர் ஒன்றும் விளங்காமல் பக்கத்தைப் புரட்டுகின்றனர். அவற்றைப் 'பகிராவரி' என்று ஒரு நாள் தமிழில் எழுதிப் பாருங்கள்! ஏன் பகிரவில்லை, யாரோடு பகிரவில்லை என்று ஆறாம் வகுப்புப் பிள்ளையும் கேட்கும். இறை என்றும் திறை என்றும் உல்கு என்றும் வரிகளை வகைவகையாய்ப் பெயரிட்டுப் பிரித்தறிந்த மொழி நம் மொழி. அதனைக் கைவிட்டு வேற்றுச் சொல்லால் வரியைக் கற்பதனாலேயே, பறிபோவதும் தெரியாமல் பறிகொடுக்கின்றோம். தூயதமிழ் புலவர்க்கு மட்டும் உரிய பொழுதுபோக்கன்று. வீட்டுக் கணக்கைத் திருத்தமாய்ப் பார்க்க உதவும் விளக்கு.

நம் கோரிக்கை தெளிவானது. மேல்வரியும் தீர்வையும் பகிர்வுக்குள் வரவேண்டும். உடைமையின் மேலும் மரபுரிமையின் மேலும் வரி விதிப்பதும் நீக்குவதும் மாநிலத்தின் உரிமையாதல் வேண்டும். இராசமன்னார் குழு அறிக்கை தந்தது 1971இல். தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தன்னாட்சித் தீர்மானம் நிறைவேற்றியது 1974 ஏப்பிரலில். நடுவர் குரியன் சோசப்புத் தலைமையில் மீண்டும் ஒரு குழு அமைக்கப்பட்டது 2025இல். குழுக்கள் வருகின்றன, அறிக்கைகள் அடுக்கப்படுகின்றன, பகிராவரியோ வளர்கின்றது!

தமிழர்களே! நம் பாட்டை அவர்கள் அவையில் ஓதியதற்கு மகிழ்ந்தது போதும். பிசிராந்தையார் அப்பாட்டை அரசன் முன் நின்று பாடினார். அவன் செவிகுளிரப் பாடவில்லை, வயலுள் புகுந்த யானையைத் தடுக்கப் பாடினார். அப்பாட்டை நாமும் தில்லியை நோக்கிப் பாடவேண்டிய காலம் இது. வயல் நம்முடையது, விளைச்சல் நம்முடையது, கவளத்தின் அளவை உறுதிசெய்யும் உரிமையும் நம்முடையதே!