சண்டைமீனுக்கு எவ்வளவு நீர் வேண்டும்?

வண்ணமீன் கடைகளில் சிறு கண்ணாடிக் குவளைகளில் தனித்தனியே வைக்கப்பட்டிருக்கும் மீன்களை மாணவர்கள் கண்டிருப்பர். 'ஃபைட்டர்' என்று கடைக்காரர் அழைக்கும் அம்மீனே பெட்டா எனப்படும் சண்டைமீன். அதன் தாயகம் தாய்லாந்து. அந்நாடு 2019ஆம் ஆண்டில் அதனைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது.

"நெல்வயல் நீரில் வாழும் மீனுக்குக் குவளை நீரே போதும்" என்பர் சிலர். இக்கூற்றில் பாதியே உண்மை. நீரின் மேற்பரப்புக்கு வந்து காற்றைச் சுவாசிக்கும் தனி உறுப்பு சண்டைமீனுக்கு உண்டு. ஆதலால் உயிர்வளி குறைந்த நீரிலும் அது பிழைக்கும். ஆயினும், வயல்நீர் ஆழம் குறைந்ததேயன்றிப் பரப்பில் சிறியதன்று. குவளையிலோ கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியா விரைவில் மிகுந்து மீனின் செவுள்களைப் புண்படுத்தும். தில்லி போன்ற நகரங்களின் குளிர்காலத்தில் அச்சிறிதளவு நீர் விரைவில் குளிர்ந்தும் விடும். வெப்பநாட்டு மீனுக்கு அது பெருந்தீங்கு.

பிழைத்திருத்தல் வேறு, நலமாக வாழ்தல் வேறு. ஏறத்தாழ 20 லிட்டர் நீரும், மறைந்திருக்கச் சில நீர்ச்செடிகளும் கொண்ட தொட்டியே ஒரு மீனுக்கு ஏற்ற இல்லமாகும்.

மீன்களை இனப்பெருக்கம் செய்விப்போரின் பொறுப்பு இன்னும் பெரிது. ஆண்மீன் நீர்க்குமிழிகளால் கூடு கட்டி முட்டைகளைக் காக்கும். ஒரே முறையில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் தோன்றலாம். வளர்ந்த ஆண்மீன்கள் ஒன்றோடொன்று போரிடும். ஆதலால் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் வேண்டும். அவ்விடம் தர இயலாதவர் இனப்பெருக்கத்தைத் தொடங்காதிருப்பதே அறம்.

அழகுக்காக வாங்கினும் அது ஓர் உயிர். ஆகவே, மீனை வாங்குமுன் அதற்கேற்ற தொட்டியை வாங்குதல் வேண்டும்.